துக்கம் இரண்டு

நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் அழுகைக்கு முதன்முதல் இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையை வைத்த ஆசிரியர், அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றார். பிறர் நம்மை இழிவுபடுத்தும்போது அழுகிறோம். உற்றாரையோ உடைமையையோ இழக்கும்போது அழுகிறோம். முன்னிருந்த நல்ல நிலையிலிருந்து தளரும்போது அழுகிறோம். வறுமை வாட்டும்போது அழுகிறோம். இந்த நான்கையும் ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நான்கும் நமக்கு நேர்ந்தவை. நாம் பிறருக்குச் செய்த தீங்கை எண்ணி அழும் அழுகைக்கு இப்பட்டியலிலே தனியிடம் இல்லை.

இது தொல்காப்பியரின் குறையன்று. அவர் செய்யுளில் வரும் சுவைகளை வகுத்தாரேயன்றி ஆன்ம விசாரம் செய்ய வந்தவரல்லர். பிற்காலத்திலே மாணிக்கவாசகரும் திருநாவுக்கரசரும் இறைவன் முன்னே தம் சிறுமையை நினைந்து உருகிய உருக்கத்தில் அந்த ஐந்தாவது அழுகையைத் தமிழ் நிறையவே கேட்டது. ஆயினும், அழுகையை அதன் காரணத்தைக் கொண்டு பிரிப்பதோடு அமையாமல், அது மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் கொண்டும் பிரித்துக் காட்டிய ஒரு போதனை கிறிஸ்தவ வேதத்திலே உண்டு. தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று அந்த இரண்டையும் தமிழ் விவிலியம் பெயரிட்டு அழைக்கிறது. நேயர்களே, அந்தப் போதனையின் வரலாற்றையும், மட்டக்களப்பு வாவிக்கரையிலே வாழும் நமக்கு அது எழுப்பும் கேள்வியையும் இன்று நோக்குவோம்.

சைவப் பின்னணியில் வந்த தமிழாசிரியன் கிறிஸ்தவப் போதனையைப் பேசுவதா என்று யாரும் வியக்க வேண்டியதில்லை. காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். அடுத்த வீட்டுக்காரரின் வேதத்தை மதித்துக் கற்பது இந்த மண்ணுக்குப் பழக்கமானதே.

போதனை பிறந்த இடத்தை முதலில் பார்ப்போம். கிரேக்க நாட்டின் கொரிந்து, இரு கடல்களுக்கிடையே ஒடுங்கிய நிலத்தில், இரு துறைமுகங்களை வைத்துக்கொண்டு செழித்த வணிக நகரம். அங்கிருந்த சிறிய கிறிஸ்தவ சபைக்குள்ளே ஒருவர் தவறு செய்தார், மற்றொருவர் பாதிக்கப்பட்டார், சபையோ பார்த்துக்கொண்டிருந்தது. சபையை நிறுவிய பவுல், கத்தோலிக்கரின் பழைய வழக்கிலே சின்னப்பர், கடுமையான ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். எழுதிய பின் அவருக்கே மனம் பொறுக்கவில்லை. அந்தக் கடிதம் அவர்களை உடைத்துவிட்டதோ என்று கலங்கினார். மக்கெதோனியாவிலே தீத்து என்னும் துணைவர் வந்து, கொரிந்தியர் துக்கப்பட்டது உண்மை, ஆனால் அந்தத் துக்கம் அவர்களைத் திருத்தியது என்று சொன்னபோதுதான் ஆறுதலடைந்தார். ஏறத்தாழ கி.பி. 55 அல்லது 56 ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய மறுகடிதமே இன்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபமாக வழங்குகிறது. அதன் ஏழாம் அதிகாரத்திலே துக்கத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று மனிதனைத் திருப்பி வாழ்வுக்குக் கொண்டுசெல்வது. மற்றது அவனை அழிவுக்குக் கொண்டுசெல்வது.

இங்கே கவனிப்புக்குரியவை இரண்டு. முதலாவது, பவுல் கண்ணீரின் அளவைக் கொண்டு துக்கத்தை அளக்கவில்லை. துக்கத்தின் பின்னே என்ன நடந்தது என்று பார்க்கிறார். கொரிந்தியரிடம் அக்கறை பிறந்தது, தவற்றின்மீது கோபம் பிறந்தது, அச்சம் பிறந்தது, நீதி செய்யும் வேட்கை பிறந்தது என்று அடுக்கிச் சொல்கிறார். மரம் எதுவென்று கனியைக் கொண்டு அறிவதுபோல, துக்கம் எதுவென்று அதன் விளைவைக் கொண்டு அறிகிறார். இரண்டாவது, அக்கடிதம் குற்றம் செய்த ஒருவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. பார்த்துக்கொண்டிருந்த சபை முழுவதற்கும் எழுதப்பட்டது. துக்கப்பட்டதும் சபை முழுவதுமே. இந்த இரண்டாவது செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இப்போதனை தமிழுக்கு எப்படி வந்தது? தமிழிலே அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். முத்துக்குளித்துறையிலே பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578 ஆம் ஆண்டு கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சிட்டார். இரண்டு ஆண்டுகளின் பின், 1580 இல், கொச்சியிலே அவருடைய ‘கொம்பெசியொனாயரு’ வெளிவந்தது. தன் மனத்தைத் தானே சோதித்து, செய்த பிழையை உணர்ந்து, அதனை வாய்விட்டுச் சொல்வதற்கு ஒரு தமிழனைப் பயிற்றும் நூல் அது. வணங்கக் கற்பித்த நூலை அடுத்து, தன் பிழைக்காக வருந்தக் கற்பித்த நூலும் அச்சுக்கு வந்துவிட்டது.

அந்த வருத்தத்துக்குப் பெயர் வைக்க வேண்டிய தேவை அப்போது எழுந்தது. கத்தோலிக்கர் எடுத்தாண்ட சொல் மனஸ்தாபம். தாபம் என்றால் வெப்பம். மனஸ்தாபம் என்பது மனம் வெந்துபோதல். இன்றும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் செபிக்காத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை எனலாம். ஆனால் நம் தெருவழக்கிலே மனஸ்தாபம் என்றால் என்ன? அவருக்கும் இவருக்கும் மனஸ்தாபம், அதனால் கலியாணத்துக்குப் போகவில்லை என்கிறோம். கோயிலுக்குள்ளே தன்மீதே கொள்ளும் வருத்தமாக இருக்கும் ஒரு சொல், கோயிலை விட்டு வெளியே வந்ததும் பிறர்மீது கொள்ளும் மனக்கசப்பாக மாறிவிடுகிறது. இரு துக்கங்களின் வேறுபாட்டை இந்த ஒரு சொல்லே நமக்குக் கற்பித்துவிடுகிறது. மனத்திலுள்ள வெப்பம் ஒன்றுதான். அது உள்ளே திரும்பினால் நம்மைப் புடம் போடுகிறது. வெளியே திரும்பினால் அயலானைச் சுடுகிறது.

கழிவிரக்கம் என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. கழிந்துபோன ஒன்றுக்காக இரங்குதல் என்பதே அதன் பொருள். இக்கால எழுத்திலோ அது பெரும்பாலும் தன்மீது தானே இரக்கம் கொள்ளுதல் என்னும் பொருளில் வருகிறது. செய்த பிழைக்கு இரங்குவதிலிருந்து ‘ஐயோ, எனக்கு இப்படியாகிவிட்டதே’ என்று தனக்காக இரங்குவதற்கு வழுக்கி விழுவது எவ்வளவு எளிது என்பதற்கு மொழியே சாட்சி.

சீர்திருத்தத் திருச்சபையினர் வேறொரு வழியிலே சென்றனர். தரங்கம்பாடியில் 1714, 1715 ஆம் ஆண்டுகளிலும், ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பிலே 1759 ஆம் ஆண்டிலும் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அந்த மொழிபெயர்ப்பு மரபிலே நிலைபெற்ற அருமையான சொல் மனந்திரும்புதல். கிரேக்க மூலத்திலே மெத்தானோயா என்ற சொல்லும் மெத்தாமெலோமாய் என்ற சொல்லும் வெவ்வேறு. முன்னது மனம் முற்றாக மாறுதல். பின்னது செய்ததற்காகப் பின்னர் வருந்துதல். பரவலாக வழங்கும் பழைய தமிழ் விவிலியம் முன்னதை மனந்திரும்புதல் என்றும், பின்னதை மனஸ்தாபம் என்றும் பெயர்க்கிறது. வருந்துவது வேறு, திரும்புவது வேறு என்பது இதனால் தெளிவாகிறது. வழி தவறியவன் நின்ற இடத்திலேயே நின்று அழுதால் வருந்துகிறான். வந்த வழியே நடக்கத் தொடங்கினால் திரும்புகிறான்.

இந்த வேறுபாட்டுக்கு வேதம் காட்டும் இரு மனிதர் யூதாசும் பேதுருவும். இருவரும் தம் குருவைக் கைவிட்டவர்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தான். பேதுரு, பழைய கத்தோலிக்க வழக்கிலே இராயப்பர், சேவல் கூவுமுன் மூன்றுமுறை அவரை அறியேன் என்று மறுதலித்தார். பின்னர் இருவரும் வருந்தினர். யூதாஸ் காசைத் திருப்பி எறிந்து, குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று உண்மையையே சொன்னான். அவனுடைய துக்கம் போலியன்று. ஆனால் அவன் போய்ச் சொன்னது குருவிடமல்ல, காசு கொடுத்தவர்களிடம். அவர்கள் அது உன் பாடு என்று கைகழுவிவிட்டனர். மன்னிப்புக்கு இடமில்லை என்று முடிவு செய்த அவன் தன்னையே மாய்த்துக்கொண்டான். பேதுருவோ மனங்கசந்து அழுதார். அழுதபின் தோழரிடமே திரும்பி வந்தார். ஏரிக்கரையிலே குருவின் முகத்தை மறுபடியும் எதிர்கொண்டார். துக்கத்தின் ஆழத்திலே இருவரும் ஒருவருக்கொருவர் குறைந்தவரல்லர். திசையிலேதான் வேறுபட்டனர்.

இன்னோர் எடுத்துக்காட்டு சக்கேயு. வரி வசூலித்துச் செல்வம் சேர்த்த அவன் மனந்திரும்பியபோது கண்ணீர் விட்டதாக வேதம் சொல்லவில்லை. பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். கணக்கைத் தீர்க்க முன்வந்த அந்தப் பேச்சே அவனுடைய அழுகை.

இப்போதனை எக்காலத்தும் எளிதாக விளங்கிவிடவில்லை. நாலாம் ஐந்தாம் நூற்றாண்டுகளிலே எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த துறவிகள் துக்கத்தை மனிதனைக் கெடுக்கும் எட்டுத் தீய எண்ணங்களுள் ஒன்றாகவே எண்ணினர். அவர்களிடம் கற்ற யோவான் காசியன், எல்லாத் துக்கமும் தீயதன்று என்று விளக்கி, பவுலின் பிரிவினையையே அதற்கு ஆதாரமாக்கினார். நல்ல துக்கம் பணிவும் பொறுமையும் இரக்கமும் உடையது. தீய துக்கம் கடுகடுப்பும் கசப்பும் நம்பிக்கையின்மையும் நிறைந்தது என்பது அவர் தந்த அடையாளம். துக்கத்திலிருக்கும் ஒருவர் அயலாரோடு எப்படிப் பழகுகிறார் என்று பார்த்தால் அது எந்தத் துக்கமென்று தெரிந்துவிடும் என்பது அதன் சாரம்.

இலங்கைக்கு வருவோம். கோவாவின் திவார் தீவிலே 1676 இல் பிறந்து, 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழும் சிங்களமும் கற்று இரு மொழியிலும் நூல் செய்தவர். ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த காலம் அது. அவர் தமிழிலே இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்திலே இலங்கையின் தமிழ்க் கத்தோலிக்கக் கிராமங்களில் உருக்கமான இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. இயேசுவின் பாடுகளைக் கேட்டுச் சனங்கள் வாய்விட்டு அழுவார்கள். நம் ஒப்பாரி மரபுக்கு மிக நெருங்கிய ஓசை அது. ஆனால் ஒப்பாரி இறந்தவருக்காக அழுகிறது. பாடுகளின் வாசிப்போ, அந்தப் பாடுகளுக்கு நானும் காரணம் என்று கேட்பவரைத் தம்மை நோக்கித் திருப்புகிறது. சிலுவை சுமந்து சென்றபோது தமக்காக அழுத எருசலேம் பெண்களிடம், எனக்காக அழவேண்டாம், உங்களுக்காக அழுங்கள் என்ற பொருளில் இயேசு சொன்னதாக லூக்கா எழுதுகிறார். பெரிய வெள்ளி அழுகையின் உட்பொருளும் அதுவே.

மட்டக்களப்புக்கு இப்போதனையைச் சீர்திருத்தச் சபையின் வழியிலே புதிதாகக் கொணர்ந்தவர்கள் மெதடிஸ்தர். அவர்களின் தலைவரான தோமஸ் கோக் 1814 மே மாதத்தில் நடுக்கடலிலே இறந்தார். அவருடன் புறப்பட்ட இளம் ஊழியர்கள் ஜூன் 29 ஆம் திகதி காலியிலே கரையிறங்கினர். அவர்களுள் ஒருவர் வில்லியம் ஓல்ட். அவருடைய மனைவியும் கடற்பயணத்திலே இறந்துபோனார். மனைவியையும் தலைவரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியராக மட்டக்களப்புக்கு வந்தவர், பாடசாலைகள் தொடங்கும் வேலையில் இறங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடுவது அவரைக்கொண்டே. 1815 ஏப்ரல் முதலாம் திகதி அவரும் இறந்தார். இந்த ஊரிலே அவர் வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. அவருக்கு நேர்ந்தது இழப்பின் துக்கம். தொல்காப்பியர் சொன்ன இரண்டாம் வகை. அந்தத் துக்கத்தோடேயே அவர் பிறர் பிள்ளைகளுக்குக் கல்வி தேடினார் என்பதை மறக்கலாகாது.

மெதடிஸ்த சபையின் மூலவரான ஜோன் வெஸ்லி 1743 இல் தம் சங்கத்தாருக்கு விதிகள் வகுத்தார். சங்கத்தில் சேர ஒருவருக்கு வேண்டியது தன் பாவத்திலிருந்து விடுபடும் விருப்பம் ஒன்றே. ஆனால் அந்த விருப்பம் மெய்யானதா என்பதை மூன்று கனிகளால் காட்டவேண்டும்: தீங்கு செய்யாமை, இயன்ற நன்மை செய்தல், வழிபாட்டு ஒழுங்குகளைக் கைக்கொள்ளல். உள்ளத்திலே எவ்வளவு உருகினாய் என்று வெஸ்லி கேட்கவில்லை. பவுலின் அளவுகோலையே அவரும் எடுத்தார்.

திருவள்ளுவரும் இதற்கு அயலாரல்லர். பின்னர் எண்ணி வருந்தும்படியான செயலைச் செய்யாதே. செய்துவிட்டால், மறுபடி அத்தகையதைச் செய்யாமல் இருப்பது நன்று என்ற கருத்தை வினைத்தூய்மை அதிகாரத்திலே வைத்தார். வருந்திக்கொண்டேயிரு என்று அவர் சொல்லவில்லை. மறுபடி செய்யாதே என்றார்.

நம் வாவிக்கரை மக்களின் நெஞ்சுக்கு நெருக்கமான இன்னொரு கதையையும் இவ்விடத்தில் நினைக்கலாம். வைகாசியிலே நம் கண்ணகை அம்மன் கோயில்களில் வழக்குரை படிக்கிறோம். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் தன் பிழையை உணர்ந்தான். தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டான். அக்கணமே வீழ்ந்து உயிர் துறந்தான். வளைந்த செங்கோலை உயிர் கொடுத்து நிமிர்த்திய மன்னன் என்று தமிழ் அவனைப் போற்றுகிறது. அந்தப் பெருமை யூதாசுக்கு இல்லாதது. அவ்வளவில் இருவரையும் ஒப்பிடுவது பொருந்தாது. ஆயினும் கிறிஸ்தவப் போதனை இங்கே ஒரு கேள்வியை வைக்கும். மன்னன் இறந்ததால் கண்ணகியின் தாபம் தணிந்ததா? இல்லையே! மதுரை எரிந்தது. தவறுணர்ந்தவன் உயிரோடிருந்து செய்யவேண்டியிருந்த பரிகாரம் செய்யப்படாமலே போயிற்று. அந்தத் தாபத்தைத் தணிக்கத்தான் நாம் ஆண்டுதோறும் ஊர்கூடிக் குளிர்த்தி பாடுகிறோம். ஒருவன் தனியே வெந்து சாவதால் அநீதியின் வெம்மை ஆறுவதில்லை; ஊர்கூடி முன்வந்தால்தான் ஆறும் என்பதை நம் சடங்கு அறிந்தே வைத்திருக்கிறது.

இனி ஓர் எச்சரிக்கை. லௌகிக துக்கம் என்றவுடன் இறந்த பிள்ளைக்காகத் தாய் அழுவதையும் அதில் அடக்கிவிடுவோர் உண்டு. இது பெரும் பிழை. லாசருவின் கல்லறை அருகே இயேசுவே கண்ணீர் விட்டார். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நாவலடியையும் டச்பாரையும் கல்லடித் திருச்செந்தூரையும் கடல் அள்ளிச் சென்றபோது, இது உங்கள் பாவத்தின் சம்பளம், அழாமல் மனந்திரும்புங்கள் என்று பிணங்களின் நடுவே நின்று போதித்த குரல்களும் கேட்டன. பவுல் சொன்னது அதுவன்று. இழப்பின் துக்கத்தை அவர் இழித்துரைக்கவில்லை. தன் தவறு வெளிப்பட்டதற்காக, மானம் போனதற்காக, தண்டனை வந்ததற்காக மட்டும் வருந்தி, தவற்றைத் தவறென்று உணராத துக்கமே லௌகிக துக்கம். பழைய ஏற்பாட்டிலே சவுல் அரசன் பாவம் செய்தேன் என்று சாமுவேலிடம் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலே, மூப்பர்கள் முன்னே என்னைக் கனப்படுத்தும் என்று வேண்டியது அதற்கு நல்ல உதாரணம்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு நம் வாவிக்கரையைப் பார்ப்போம். 1990 ஆம் ஆண்டை இங்கு யாரும் மறக்கவில்லை. செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலே தஞ்சமடைந்திருந்தவர்களுள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரை இராணுவம் கொண்டு சென்றது, அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர், குழந்தைகளும் முதியோரும் அடங்க, கொல்லப்பட்டனர். இவர்களை நினைத்து அழுகிறோம். அழுவது நம் உரிமை. நீதி கேட்பது நம் கடமை.

அதே ஆண்டு, அதே வாவியின் ஓரத்திலே, ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறுவரும் அவர்களுள் இருந்தனர். விடுதலைப் புலிகள் அதனை மறுத்தபோதிலும், உயிர் தப்பியோரின் சாட்சியம் அவர்களையே சுட்டியது. தமிழரின் பெயரால் ஏந்தப்பட்ட ஆயுதம் அது. ஒரு வாரம் கழித்து ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். இவற்றை நினைத்து நாம் அழுதோமா?

இந்த இடத்திலேதான் கொரிந்து நினைவுக்கு வருகிறது. நான் சுடவில்லையே, எனக்கென்ன என்று கேட்பது நியாயமாகத் தோன்றும். கொரிந்து சபையாரில் பெரும்பாலோரும் அந்தத் தவற்றைச் செய்தவரல்லர். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களும் துக்கப்பட்டபோதுதான் சபை குணமடைந்தது. செய்யாத குற்றத்தை ஒருவர் தன் தலையில் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் தன் பெயரால் செய்யப்பட்டதைத் தவறென்று சொல்லும் பொறுப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு.

நாம் துன்பப்பட்டவர்கள், நாம் ஏன் வருந்தவேண்டும் என்பது அடுத்த கேள்வி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அந்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைத் தலைவர்கள் கூடி, தம் நாட்டினால் பல நாடுகளுக்கு நேர்ந்த துன்பத்துக்குத் தாமும் பொறுப்பென்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான மார்ட்டின் நீமோலர் ஹிட்லரை எதிர்த்து, 1937 முதல் 1945 வரை சிறையிலும் வதைமுகாமிலும் இருந்தவர். ‘நானே பாதிக்கப்பட்டவன்’ என்று ஒதுங்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் ஒதுங்கவில்லை. அந்த அறிக்கையிலும் குறையுண்டு. கொல்லப்பட்ட யூதர்களை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. குண்டுவீச்சிலே வீடிழந்து நின்ற ஜெர்மானியர் பலர் அதனைக் கேட்டுச் சினந்தனர். ஆயினும் பட்ட துன்பம் ஒருவரை மனந்திரும்புதலிலிருந்து விலக்கி வைக்காது என்பதை அது காட்டியது.

நம்மிடையேயும் துக்கத்தைச் செயலாக மாற்றியவர் உண்டு. புனித மிக்கேல் கல்லூரியிலே கூடைப்பந்து கற்பித்த அமெரிக்க இயேசுசபைத் துறவி இயூஜின் ஹேபேட் அடிகளார், அந்தக் கொடிய ஆகஸ்டிலே அல்லற்பட்டோருக்கு உதவ வாழைச்சேனைக்குச் சென்று, 15 ஆம் திகதி மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிலே காணாமற்போனார். அவருடன் சென்ற தமிழ் இளைஞரும் காணாமற்போனார். இருவரும் வீடு வந்து சேரவில்லை.

பின்னர் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் மடிந்தனர். அன்று நாடெங்கும் நடந்த தாக்குதல்களை முன்னின்று நடத்தியவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்று தெரிந்ததும், அவ்வூரின் அப்பாவிகள்மீதும் சந்தேகம் கவிந்தது. தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களை நல்லடக்கத்துக்கு ஏற்கமாட்டோம் என்று இலங்கையின் முஸ்லிம் மார்க்க அறிஞர் சபை அறிவித்தது. தம் பெயரால் செய்யப்பட்டதைத் தவறென்று பகிரங்கமாகச் சொன்ன செயல் அது. அதனை மதிக்கிறோமென்றால், நம் பெயரால் செய்யப்பட்டதை நாம் எப்போது அவ்வளவு தெளிவாகச் சொல்லப்போகிறோம் என்ற கேள்வியும் உடன்வருகிறது.

ஒரே வாவிக்கரையிலே, சில கிலோமீற்றர் இடைவெளியிலே, இரு ஊர்கள் ஆண்டுதோறும் தத்தம் இறந்தவர்களை நினைவுகூர்கின்றன. ஆகஸ்ட் வந்தால் அவர்கள் அழுகிறார்கள். செப்டெம்பர் வந்தால் நாம் அழுகிறோம். உயிர்த்த ஞாயிறு வந்தால் சீயோன் அழுகிறது. ஒவ்வோர் அழுகையும் உண்மையானது, புனிதமானது. ஆனால் ஒவ்வொன்றும் தன் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டால், மனத்தின் தாபம் தெருவழக்கு மனஸ்தாபமாகிப் பகையாகவே திரளும். பிள்ளைகளிடம் அது ஒரு பக்கத்துக் கணக்காகவே போய்ச்சேரும்.

வகுப்பறையிலே மெய்ப்பாட்டியலைப் படிப்பிக்கும்போது அழுகையின் நான்கு நிலைக்களன்களையும் எழுதிவிட்டு, ஐந்தாவதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், தொல்காப்பியர் கோபிக்கமாட்டார். இழிவு வந்தால் அழு, இழப்பு வந்தால் அழு, தளர்ச்சி வந்தால் அழு, வறுமை வந்தால் அழு. உன்னாலோ உன் பெயராலோ அயலவன் வீட்டிலே அழுகை எழுந்திருந்தால் அதற்கும் அழு; அழுது முடிந்ததும் எழுந்து அந்த வீட்டுக்குப் போ. வாவியைக் கடக்கப் பாலம் இருக்கிறது. காத்தான்குடி தொலைவுமில்லை.